பாதி அறுத்த தேக்கு

ஒக்கூர்,
9.6.1968

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்.

கண்ணில் மரத்தூள் விழுந்ததற்குக் கோபித்துக்கொண்டு நீங்கள் மதுரைக்குப் போனபோது பாதியில் நின்ற தேக்கை நேற்றுத்தான் அறுத்து முடித்தோம். வழக்கம்போல் குழியின் குறுக்கே கிடத்திய மரத்தின் மேல் நான். கீழே குழிக்குள் உங்கள் இடத்தில் ரம்பம் இழுக்கப் புது ஆள் குழந்தைவேலு. சாது. நாள் முழுக்க ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்பாடா என்றிருந்தது.

பலகையைப் பிரித்தேன், மாப்பிள்ளை. அவனோடு அறுத்த பாதி கோணல்மாணலாகக் கிடக்கிறது. நாம் அறுத்த பாதி நூல் பிடித்தாற்போல் நேர். நம்ப முடியாமல் அதைத் தடவிக்கொண்டே நின்றேன்.

"மச்சான், கண்ணுல தூளக் கொட்டுறீக!" என்று நீங்கள் கத்தும்போது ரம்பம் கீழே இறங்கும். "நீங்க ஏன் இந்த இழுப்பு இழுக்குறீக!" என்று நான் கத்தும்போது மேலே ஏறும். ஒரு இழுப்புகூடத் தவறியதில்லை. நாயும் பூனையும் என்று ஊரே சிரித்ததே, அந்த இரண்டும் சேர்ந்தா இப்படி அறுத்தன!

அடுத்த மரம் வந்து கிடக்கிறது. யாரையும் தொட விடவில்லை. இந்த முறை குழிக்குள் நான் இறங்குகிறேன். மேலே நின்று நீங்கள் தூளைக் கொட்டுங்கள்; கத்துவதற்கு நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்