இடது பக்கம் பார்த்துச் சொன்னவள்

மாமா,

இன்றைக்கு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது எங்கள் பஸ் டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. எதிரே ஒரு ட்ரெய்லர், கொள்ளாத அளவுக்குத் தைலமரம். காலையில்தான் வெட்டியிருப்பார்கள் போல, அறுத்த முனைகளில் இன்னும் ஈரம் தெரிந்தது. ஜன்னல் வழியாக வாசனை குப்பென்று உள்ளே வந்தது. பக்கத்தில் இருந்த பெண், "சளிக்கு நல்லதுக்கா, நல்லா இழுத்து வுடுங்க" என்று சிரித்தாள். நானும் இழுத்துவிட்டேன். எனக்குச் சளி எதுவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் சட்டையில் இருந்த வாசனை அது. எந்த சோப்பைப் போட்டுத் துவைத்தாலும் போகாது. அதற்காக உங்களை எத்தனை திட்டியிருப்பேன்! இப்போது உங்கள் சட்டைகளில் பீரோ வாசனைதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து, சேலைகூட மாற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால், "கேன்டீன் வேலைய வுட்டுட்டு எழுத்தாளர் வேலைக்கிப் போறியா?" என்று கேட்டிருப்பீர்கள். போய்யா என்று நானும் சொல்லியிருப்பேன்.

நம் வீட்டில் எல்லாமே கொஞ்சம் தலைகீழ்தான். எங்கப்பா சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வகையில் மைன்ஸ் கேன்டீனில் நான் பர்மனென்ட். குவார்ட்டர்ஸ் என் பேரில். நீங்கள் பண்ருட்டி மர டிப்போவில் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். யாராவது வீடு யாருடையது என்று கேட்டால், "அவுங்க வூடுதாங்க, நான் ஒண்டிக்குடித்தனம்" என்பீர்கள். பிளாக்கில் அத்தனை பேருக்கும் இந்தப் பேச்சு மனப்பாடம். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு துளி வருத்தம் இருக்காது. வண்டிச் சாவி இடுப்பில் இருக்கிற வரைக்கும் உங்களுக்கு எதிலும் வருத்தம் இருந்ததில்லை.

அந்த மாசி மாதம் திடீரென்று ஒரு நாள், "வார லீவுல வூட்ல குந்திக்கினு என்னா பண்ணப் போற? வா புள்ள, வண்டியில போலாம்" என்றீர்கள். எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். மகள் பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொடுத்து அனுப்பிய காலம் வரைக்கும் என்னை ஒரு தடவைகூட வண்டியில் ஏறவிடாத மனுஷர். "அது பொம்பளைங்க குந்தற எடம் இல்ல" என்று சொன்ன அதே வாய். கேன்டீனில் சொன்னபோது எல்லாரும் கேலி பண்ணினார்கள். "அக்கா இந்த வயசுல ஹனிமூன் போறாங்கடி" என்றார்கள். நான் பூ வைத்துக்கொண்டு வந்தேன். ஆமாம், லாரி ஏறுவதற்குப் பூ வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது நினைத்தால் அழுகை வருகிறது.

அதற்கப்புறம் எந்த வார லீவையும் விடவில்லை. முத்தாண்டிக்குப்பம் பக்கத்துத் தோப்புகளில் மரம் ஏற்றிக்கொண்டு பண்ருட்டி டிப்போவுக்குப் போவோம். புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரம் கட்டுவீர்கள். பச்சை மரம் குலுங்கிக் குலுங்கி உள்ளே உட்கார்ந்துவிடும், கட்டிய கயிறு தளர்ந்துபோகும், மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். நீங்களும் லோடுமேனும் கயிற்றில் தொங்குகிற நேரத்தில் நான் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி வைப்பேன். லோடுமேன் மரத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொள்வான். உள்ளே நீங்களும் நானும்தான். அந்த உயரத்திலிருந்து முந்திரித் தோப்பெல்லாம் தலை வாரிவிட்ட மாதிரி தெரியும். வீட்டில் பேசாததையெல்லாம் பேசினோம். மகள் புருஷனைப் பற்றி, உங்கள் அண்ணனோடு நின்றுபோன பேச்சைப் பற்றி, நான் ரிட்டயர் ஆனதும் எங்கே வீடு கட்டுவது என்பதைப் பற்றி.

நடுநடுவே ஒரு விளையாட்டு. "இடது பக்கம் என்னா வருது, சொல்லு பாக்கலாம்."

"சைக்கிள்."

"அப்புறம்?"

"ஆடு. மூணு ஆடு. அதுக்குப் பின்னால ஒரு ஆயா."

"ஆயா ஆட்ட மேய்க்குதா, ஆடு ஆயாவ மேய்க்குதா?"

நான் சிரிப்பேன். பள்ளம், மைல் கல், டூவீலர், தண்ணி லாரி என்று ஒன்றையும் விடாமல் சொல்வேன். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி உற்சாகமாகச் சொல்வேன். "கண்ணுன்னா உன் கண்ணுதான்" என்று நீங்கள் பாராட்டினால் அன்றைக்கு முழுக்க எனக்குத் தலை கால் புரியாது. இவ்வளவு வருஷம் கழித்து என் புருஷனுக்கு என் மேல் ஆசை வந்திருக்கிறது என்று நினைத்தேன் மாமா. அப்படித்தான் நினைத்தேன்.

பலாப்பழம் வர ஆரம்பித்த சமயம். தோப்பிலிருந்து மண் பாதை வழியாக வந்து பண்ருட்டி ரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அந்த முனையில் இடது ஓரமாக ஓர் அம்மா தார்ப்பாய் கட்டிப் பலாப்பழம் அடுக்கி விற்றுக்கொண்டிருப்பாள். "இடது பக்கம்?" என்று கேட்டீர்கள். "ஒன்னுமில்ல, பழக்கடைதான், தள்ளித்தான் இருக்குது" என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. வண்டியின் முன்பக்கம் கடையை உரசாமல் தாண்டிவிட்டது. நீங்கள் வலது பக்கம் ஒடித்துத் திருப்பினீர்கள். பின்னால் மடமடவென்று சத்தம்.

முன்பக்கம் வலது பக்கம் போனால், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரம் இடது பக்கம் வீசும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே வருவதைச் சொல்வது. வாலைப் பார்க்க வேண்டியவர் நீங்கள். இடது பக்கத்துக் கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான். மரவண்டி ஓட்டுகிறவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. அன்றைக்கு நீங்கள் அந்தக் கண்ணாடிப் பக்கம் முகத்தையே திருப்பவில்லை.

இறங்கி ஓடினோம். தார்ப்பாய் கிழிந்து தொங்கியது. பலாப்பழமெல்லாம் நசுங்கி ரோடெங்கும் மஞ்சளாகச் சிதறிக் கிடந்தது. அந்த அம்மா உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம்தான் எதிர்ப் பக்கத்துக் குழாயடியிலிருந்து குடத்தோடு அவள் ஓடிவருவதைப் பார்த்தேன். "அடப்பாவிங்களா, என் பழமெல்லாம் போச்சே" என்று கத்திக்கொண்டு வந்தாள். அந்தக் கத்தலைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? கத்தட்டும். இன்னும் நன்றாகக் கத்தட்டும்.

நீங்கள் சிரித்துப் பேசி, பழத்துக்கெல்லாம் பொறுப்பேற்று, அவளைச் சமாதானம் பண்ணினீர்கள். வண்டியில் ஏறினோம். நான் என் கையை உங்கள் இடது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரல்களை ஆட்டினேன். நீங்கள் திரும்பவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எவ்ளோ நாளா மாமா?"

"பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து" என்றீர்கள்.

என்னைக் கூப்பிட்டது மாசியில். கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. பூ வைத்துக்கொண்டு வந்தேனே என்றுதான் முதலில் நினைத்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழக்கார அம்மா பற்றிய நினைப்பு அதற்கு அப்புறம்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டது, இடது கண்ணில் போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். என்ன வேலை என்று கேட்டார். நீங்கள் "சும்மாதாங்க இருக்கேன்" என்றீர்கள். வீட்டுக்கு வந்து, பின்வாசலில் நான் பாத்திரம் துலக்கும்போது பக்கத்தில் வந்து குந்தினீர்கள்.

"இந்த ஒரு சீசன் புள்ள. உனுக்கு லீவு நெறைய கெடக்குதில்ல? நீ கூட வா. வாலு எப்டி வீசும்னு நான் சொல்லித் தரேன். உன்னுது ரெண்டு, என்னுது ஒன்னு, மூணு கண்ணு நல்லாத்தானே இருக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தீர்கள். பாதி ஜெயித்துவிட்டீர்கள்தான். எத்தனை நாள் லீவு இருக்கிறது என்று கையில் சாம்பலோடு மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காரணம் எதுவாக இருந்தால் என்ன, அந்த வண்டியில் இருந்த நாட்கள்தான் என் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். அது மறுபடி வேண்டும் என்று இருந்தது. அப்புறம் அந்தப் பிளந்த ஸ்டூல் கண்முன் வந்து நின்றது.

"முடியாது மாமா" என்றேன். "முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"இத வுட்டா எனுக்கு வேற என்னா தெரியும்?" என்று கேட்டீர்கள். நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் டிப்போவுக்குச் சேர்ந்தே போனோம். முதலாளி டீ வரவழைத்தார். அடுத்த லோடு எங்கே, எந்தத் தோப்பு என்று அவர் பேசிக்கொண்டே போனார், நீங்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் டீ கிளாஸைப் பார்த்தீர்கள். காத்திருந்து பார்த்துவிட்டு நானே சொன்னேன். முதலாளி உங்கள் பக்கம் திரும்பினார். "அம்மா சொல்றது நெசமாப்பா?" என்று கேட்டார். நீங்கள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தீர்கள். "நெசந்தாங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தீர்கள். ரோட்டைக் கடக்கும்போது இடது பக்கத்திலிருந்து ஓர் ஆட்டோ வந்தது. உங்களுக்குத் தெரியவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஆட்டோ போனதும் என் கையைத் தட்டிவிட்டீர்கள். அந்த அடி இன்னும் இருக்கிறது, இந்த மணிக்கட்டில்.

அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. மகளோடு போனில் பேசுவீர்கள், பால்காரரோடு பேசுவீர்கள், என்னோடு இல்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து வந்தால் சோறு ஆக்கி, ரசம் வைத்து, என் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பீர்கள். சண்டைக்காரனாக இருந்தால் முழுசாக இருக்க வேண்டும். ரசம் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் நான் எப்படிச் சாப்பிடுவது? பிளாக்கில் எல்லாரும், "நல்ல காரியம் பண்ணீங்கக்கா, ஒரு உசுரு போயிருந்தா என்னா ஆவறது" என்றார்கள். முதலாளியும் போன் பண்ணிச் சொன்னார். மகளும் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இவர்கள் யார் சொல்வதற்கு?

ஐப்பசி மழைக்கு முன்னால் கண் பரிசோதனைக்காகக் கடலூருக்குப் பஸ்ஸில் போனோம். இடது வரிசையில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டு நீங்கள் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தீர்கள். குறிஞ்சிப்பாடி தாண்டி ஒரு திருப்பத்தில் நெரிசலில் நின்றபோது வலது பக்கமாக ஏதோ ஒரு பெரிய வண்டி உறுமிக்கொண்டு முன்னே போனது. நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"நம்ம வண்டி" என்றீர்கள். சத்தத்தை வைத்தே சொன்னீர்கள். "கியர இழுக்கறான் பாரு, பாவி."

எத்தனையோ மாதம் கழித்து உங்கள் குரல் என் பக்கம் வந்தது. வண்டி திருப்பத்தில் ஒடிக்கிற சத்தம் கேட்டது.

"இடது பக்கம் பாத்துக்கினு திருப்பறானா?"

எழுந்து பார்த்தேன். நின்றுகொண்டிருந்தவர்களின் தோளும் பையும்தான் தெரிந்தன. வண்டியே தெரியவில்லை. "பாத்துக்கினுதான் போறான் மாமா" என்றேன்.

"அப்ப சரி" என்றீர்கள்.

அவ்வளவுதான் பேசினீர்கள். கடலூர் வந்துவிட்டது. அடுத்த வாரமே ஒரு காலையில், நான் கேன்டீனில் இட்லி எடுத்துக்கொண்டிருந்தபோது ஆள் வந்து கூப்பிட்டார்கள். நெஞ்சு வலி என்றார்கள். நான் வருவதற்குள் முடிந்துவிட்டது. அடுப்பில் அரிசி வெந்துகொண்டிருந்தது, பக்கத்து வீட்டுப் பெண்தான் அணைத்திருந்தாள்.

அந்த "அப்ப சரி" யாருக்கு மாமா? அந்தப் புது டிரைவருக்கா, எனக்கா? நான் செய்தது சரி என்று ஊரே சொன்னது, நீங்கள் ஒருத்தர் சொன்னால் போதும் என்று இருந்தேன். பஸ்ஸிலேயே கேட்டிருக்கலாம். பேச ஆரம்பித்தீர்களே, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். இப்போது அந்த இரண்டு வார்த்தையை எனக்குச் சொன்னதாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். தப்பாக இருந்தால் வந்து பிடுங்கிக்கொள்ளுங்கள்.

அப்படி நீங்கள் வந்து, "வா புள்ள, போலாம்" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால், கேன்டீனாவது ஒன்றாவது, பூ வாங்கி வைத்துக்கொண்டு ஓடிவருவேன். எங்கே என்றுகூடக் கேட்கமாட்டேன். ஆனால் வண்டிச் சாவியை மட்டும் உங்கள் கையில் தரமாட்டேன் மாமா. அப்போதும் தரமாட்டேன்.