உள்ளேன், இல்லை

காரைக்கால்,
4 ஆகஸ்ட்.

அன்பு மாப்ள செம்பியனுக்கு,

நூகு எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி அமீர் நிஷா, பிள்ளைகள், மூச்சு வாங்கிக்கொண்டே ஓடும் ஜெராக்ஸ் மெஷின், எல்லாரும் சுகம். உன் சுகத்தைச் சட்டப்பேரவை நேரலையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். கொஞ்சம் பெருத்துவிட்டாய்.

இந்தக் காலத்தில் எவன்டா கடிதம் எழுதுவான் என்று சிரிக்காதே. போன மாதம் உனக்கு மூன்று தடவை வாட்ஸ்அப் அனுப்பினேன். "வணக்கம் ஐயா, தங்கள் கோரிக்கை எம்.எல்.ஏ. அவர்களின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்படும்" என்று உன் உதவியாளர் அறிவுமதி பதில் போட்டார். உன் டிபன் பாக்ஸில் பாதி தின்று வளர்ந்தவன் நான். நான் எழுதினால் அது கோரிக்கையாம்! அதனால்தான் இந்த உறை. மேலே ‘சொந்தக் கடிதம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

நீ ஜெயித்த அன்று கோட்டுச்சேரி கடைத்தெருவில் என் தோளில் கை போட்டு, "மச்சான், நான் அங்க போயி என்ன பண்றேன்னு நீதான் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றாயே, நினைவிருக்கிறதா? கழுத்தில் விழுந்த மாலைகளின் மயக்கத்தில் சொன்னாயோ என்னவோ, நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு ஒன்று வாங்கி நாலு கட்டம் கோடு போட்டேன்: வருகை, பேச்சு, வினா, வாக்கு. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் அதை ஒரு தாளில் அடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டுகிறேன். ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள்.

இந்தத் தடவை கணக்கு: பதினோரு நாளில் ஒன்பது நாள் வந்திருக்கிறாய். பதினாலு வினா கொடுத்ததில் இரண்டு, உன் பெயரைக் கூப்பிட்டபோது நீ அவையில் இல்லாததால் போய்விட்டன. டீ குடிக்கப் போயிருப்பாய். பேச்சு இருபத்திரண்டு நிமிடம், அதில் தலைவர்களுக்கு நன்றி சொன்னது மட்டும் ஆறு நிமிடம். நேரம் பார்த்துத்தான் எழுதினேன்.

நாலாவது கட்டம்தான் காலி. அவைத்தலைவர் "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்கிறார். கூட்டமாக ஒரு சத்தம். நிறைவேறியது. யார் என்ன சொன்னார்கள் என்று எங்கேயும் எழுதுவதில்லை. மற்ற மசோதா போகட்டும். பயன்படாத வடிகால்களை மனையாக மாற்றலாம் என்ற மசோதாவைக் கடைசி நாளில் அறிமுகம் செய்தார்களே, அதில் நீ என்ன சொன்னாய்? நம் நெட்டை வாய்க்கால் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மார்கழியில் அது எவ்வளவு ‘பயன்படாமல்’ ஓடுகிறது என்று உனக்கே தெரியும். உன் அண்ணன் கருப்பையன் வயலும் என் கடைத்தெருவும் அதில்தான் வடிகின்றன.

ஒரு வரி எழுது. கட்டத்தை நிரப்பிக்கொள்கிறேன்.

உன் மச்சான்,
நூகு


புதுச்சேரி,
19 ஆகஸ்ட்.

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். டீ குடிக்கப் போனது உண்மை. ஆறு நிமிட நன்றியும் உண்மை. அதைச் சொல்லாவிட்டால் மீதிப் பதினாறு நிமிடம் கிடைக்காதுடா!

வடிகால் மசோதாவா? "இல்லை" என்றுதான் சொன்னேன். இதில் கேட்க என்ன இருக்கிறது? நான் அந்த வாய்க்காலில் நீந்தப் பழகியவன். தைரியமாக எழுதிக்கொள். குழுவுக்குப் போயிருக்கிறது, மாசியில் திரும்பி வரும். அப்போதும் பார்க்கலாம்.

தங்கச்சி நிஷாவிடம் இறால் பிரியாணிக்குச் சொல்லி வை.

உன்,
செம்பியன்


காரைக்கால்,
2 செப்டம்பர்.

மாப்ள,

நான் இன்னும் எழுதவில்லை. பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் சந்தோஷத்தில் அந்த நாள் பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். காதில் ஹெட்போன் மாட்டி, அந்த ஒன்பது விநாடியை எத்தனை தடவை ஓட்டினேன் என்று கணக்கில்லை. ‘ஆம்’ பெரிய கூச்சல். ‘இல்லை’ நாலு குரல். நாலும் எதிர்க்கட்சிக்காரர்கள் குரல். உன் குரல் எதிலும் இல்லை.

கூச்சலில் அமுங்கியிருக்கும் என்று வேறு யாரிடமாவது சொல். எட்டாம் வகுப்பில் நடவு நாளெல்லாம் நீ உன் அப்பாவோடு வயலில் நின்றாய். வாத்தியார் பெயர் வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு, உன் கட்டைக் குரலில் "உள்ளேன் ஐயா" என்று சொன்னவன் யார்? வருடம் முழுக்க ஒரு தடவைகூட மாட்டவில்லை. உன் குரலைத் தொண்டைக்குள் வைத்துப் பழகியவன்டா நான். ஆயிரம் பேர் கத்தினாலும் எனக்குத் தெரியும்.

நீ பேசாமல் இருந்ததுகூட எனக்குப் பெரிதில்லை. என்னிடம் பொய் எழுதினாய் பார், அது வலிக்கிறது. கண்ணாடியில் ‘வாக்கு: தெரியவில்லை’ என்று ஒட்டியிருக்கிறேன். நேற்று உன் அண்ணன் நிலவரித் தாள் நகலெடுக்க வந்தார். படித்துவிட்டு, "ஏன் நூகு, அவன் உங்கிட்டயுமா சொல்ல மாட்டேங்கிறான்?" என்று கேட்டார்.

நூகு


புதுச்சேரி,
11 நவம்பர்.

நூகு,

இரண்டு மாதம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஆமாம், பொய்தான். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கட்சிக் கொறடா எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உனக்கு என்ன தெரியும்? ‘எல்லாரும் ஆதரித்து வாக்களிக்க வேண்டும்’ என்று கொறடா எழுத்தில் உத்தரவு கொடுத்துவிட்டால், அதை மீறுகிறவன் பதவியே போய்விடும். கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னித்தால் உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கூலி வேலை செய்த வீட்டிலிருந்து இந்த இருக்கைக்கு வர எனக்கு இருபத்தி மூன்று வருடம் ஆனது. கடைக்குள் ஃபேன் போட்டு உட்கார்ந்துகொண்டு கட்டம் போடுவது சுலபம்டா. அந்தத் தாளை என் அண்ணன் படிக்கிற மாதிரி ஒட்டி வைத்திருக்கிறாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா?

அதைக் கிழித்துப் போடு. இனி எனக்கு எழுதாதே.

செம்பியன்


காரைக்கால்,
23 நவம்பர்.

மாப்ள,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

உன் பதவி போக வேண்டும் என்று எந்தப் பாவிக்குத் தோன்றும்? நீ ஜெயித்த அன்று உன்னைவிட அதிகமாக அழுதவன் நான். நீ ‘ஆம்’ என்று சொன்னால் ‘ஆம்’ என்று எழுதுவேன். வாய்க்கால்கரைக்காரர்கள் திட்டுவார்கள், நானும் நாலு திட்டு திட்டிவிட்டு பிரியாணி போடுவேன். ‘இல்லை’ என்றால் ‘இல்லை’. எதுவானாலும் உன் வாயால் வரட்டும்.

விதிகளைப் படித்துப் பார்த்தேன். ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டால், ஒவ்வொருவர் பெயராக வாசித்து வாக்கைப் பதிவு செய்ய வேண்டுமாம். டிவிஷன் என்கிறார்கள். கேட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

சின்ன வயதில் உனக்காக நான் சொன்னேன். இதை நான் சொல்ல முடியாதுடா.

தாளைக் கிழிக்கவில்லை. என் மேல் கோபம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

எப்போதும் உன்,
நூகு


புதுச்சேரி,
9 மார்ச்.

என் அருமை மச்சானுக்கு,

இதோடு அவைக் குறிப்பின் ஒரு பக்கத்தை வைத்திருக்கிறேன். நேரலையில் பார்த்திருப்பாய். ஆனாலும் நான் சொல்லித்தான் நீ கேட்க வேண்டும்.

காலையிலேயே கொறடா உத்தரவு கைக்கு வந்துவிட்டது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மசோதா வந்தது. "ஏற்போர் ஆம் என்க" என்றார் அவைத்தலைவர். ஒரே கூச்சல். நான் எழுந்து, "டிவிஷன் வேணும் தலைவரே" என்றேன். கொறடா எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க செம்பியன், உக்காருங்க" என்றார். உட்காரவில்லை. பயந்துகொண்டேதான் நின்றேன், பொய் சொல்ல மாட்டேன்.

பேரவைச் செயலர் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். கூச்சலில் கத்தியவர்களில் இரண்டு பேர் மெதுவாக வெளியே நழுவினார்கள். ஒவ்வொரு பெயராக வந்து, "திரு. செம்பியன்" என்றார். மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், என்னை அறியாமல் "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டேன்.

அவையே சிரித்தது. அமைச்சர்கூடச் சிரித்தார். "நீங்க உள்ளீர்கள் என்பது தெரிகிறது, வாக்கு என்ன? ஆமா, இல்லையா?" என்றார் தலைவர். அந்தச் சிரிப்பில் எனக்குப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. "இல்லை" என்றேன். கேட்காதவர்களுக்காக இன்னொரு தடவை "இல்லை" என்றேன்.

மசோதா நிறைவேறிவிட்டது. ஆனால் தோற்றவர்கள் பட்டியலில் ஐந்து பெயர் இருக்கிறது, ஐந்தாவது என்னுடையது. பதினைந்து நாள் முடியவில்லை, அதற்குள் ‘உம்மை ஏன் தகுதி நீக்கம் செய்யக் கோரக் கூடாது’ என்று கட்சியிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. மன்னிக்க மாட்டார்கள். இந்தச் சட்டத்தை எதிர்த்து நம் வாய்க்காலுக்காகக் கோர்ட்டில் வழக்குப் போட்டு, நானே மனுதாரராக நிற்கப் போகிறேன், எம்.எல்.ஏ.வாகவோ செம்பியனாகவோ.

நவம்பரில் எழுதியதை மறந்துவிடு. இல்லை, மறக்காதே, திட்டிவிட்டு மன்னி. இரவு நன்றாகத் தூங்குகிறேன்.

உன்,
செம்பியன்


காரைக்கால்,
14 மார்ச்.

என் தங்க மாப்ளைக்கு,

நேரலையில் அன்றைக்கே கேட்டேன். கடையில் அப்போது ஆறேழு பேர். நீ "உள்ளேன் ஐயா" என்றதும் நான் கத்திய கத்தலில் ஒரு அம்மா ரேஷன் கார்டைக் கீழே போட்டுவிட்டார். அது நீ சொன்ன மாதிரியே இல்லையடா! ‘உள்’ளை இழுத்து, ‘ஐயா’வை விழுங்கி... அது நான் உனக்காகச் சொல்வேனே, அந்தக் குரல். எட்டாம் வகுப்பு முழுக்க உன் குரலில் நான் பேசினேன். இத்தனை வருடம் கழித்து என் குரலில் நீ பேசிவிட்டாய்.

ஆனால் அடுத்த இரண்டு ‘இல்லை’யும் சுத்தமாக உன்னுடையது. ஹெட்போன் தேவைப்படவில்லை.

நாலாவது கட்டத்தில் மையால் எழுதி, நீ அனுப்பிய பக்கத்தையும் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன். உன் அண்ணன் வந்து கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். போகும்போது, "நூகு, அந்தத் தாள்ல எனக்கு ஒண்ணு எடுத்துக் குடு" என்றார். இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.

வாய்க்கால் வழக்குக்குக் கரைக்காரர்கள் நாற்பத்தியோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பதவி போனால் இந்த நாலு கட்டமும் கொஞ்ச நாள் நின்றுபோகும், அவ்வளவுதான். பதிவேட்டில் இன்னும் நிறைய பக்கம் இருக்கிறது, இடைத்தேர்தல் வந்தால் பார்த்துக்கொள்வோம்.

அந்த நோட்டீசைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. இறால் வாங்கச் சொல்லியாகிவிட்டது. பதிலை நானே உட்கார்ந்து அடித்துத் தருகிறேன்.

கையெழுத்தை மட்டும் நீ போடு. அதை நான் போட மாட்டேன்.

உன் மச்சான்,
நூகு