பேசக் கூடாத பத்து நாள்

5-6-72, திங்கள்
ஸ்கூலு திறந்தாச்சு. ஏழு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்குது.

இந்த வருஷமும் எனக்கு ஒண்ணாம் வகுப்புதான். எச்.எம். சொல்றார், “உங்களுக்குத்தான் டீச்சர் பொறுமை அதிகம்.” பதினாலு வருஷமா இதே பாட்டு. பதினாலு வருஷமா நானும் சரிங்க சார்.

சேர்ந்தது: 62. தலைக்கு மேல கையைச் சுத்திக் காதைத் தொடச் சொன்னா பாதிக்கு எட்டலை. அம்மாக்காரிங்களே கையைப் பிடிச்சு இழுத்து, “தொட்டுடுச்சு பாருங்க டீச்சர்!” அவங்களுக்குப் பீங்கான் கம்பெனிக்கு ஓடற அவசரம். தொட்டதாவே எழுதிக்கிட்டேன்.

காலையில இருந்து கத்து கத்துன்னு கத்தி, மூணு மணிக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஏப்ரல்லயே கரகரன்னு இருந்தது. லீவுல சரியாயிடும்னு விட்டுட்டேன்.

வாங்கணும்: பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம். குடைக்கு ஒரு கம்பி.

6-6, செவ்வாய்
குரலே இல்லை. வெறும் காத்துதான் வருது. சாயங்காலம் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்னப் பொண்ணு. வாய்க்குள்ள கண்ணாடி விட்டுப் பார்த்தாங்க.

“உள்ள வீங்கிக் கிடக்குதும்மா. பத்து நாளைக்குப் பேசக் கூடாது. மீறிப் பேசினா குரல் இப்படியே நின்னுபோயிடும். லீவு போடுங்க.”

ஸ்கூலு திறந்த ரெண்டாம் நாளே லீவா? நான் என்ன சகாயமேரியா? ரெண்டாம் வகுப்பு எடுக்கறவ அவ. ஒவ்வொரு ஜூன்லயும் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வூட்ல காலை நீட்டிப் படுத்துப்பா. கேட்டா, “உடம்பு பழகணும்ல அக்கா”ம்பா. வெக்கங்கெட்டவன்னு எத்தனை தடவை மனசுக்குள்ள திட்டியிருக்கேன்.

லீவு கிடையாது. கத்தாம, குசுகுசுன்னு பேசிச் சமாளிச்சுக்கலாம். அதுல தொண்டைக்கு என்ன ஆகப்போவுது.

8-6, வியாழன்
காத்து. வகுப்பு பூரா புழுதி.

அதிசயம்தான். நான் குசுகுசுன்னு ‘அ’ன்னேன். அறுபத்திரெண்டும் குசுகுசுன்னு ‘அ’. ஒண்ணுக்குப் போகணும்னாகூடக் கிட்ட வந்து காதுல சொல்லுதுங்க. கூடத்துல ஈ பறந்தா கேக்கும்.

செல்வின்னு ஒரு குட்டி. அவ அம்மா கம்பெனியில மண்ணு சலிக்கற வேலை, தலை பூரா வெள்ளைத் தூசியோட வந்து நின்னா. “புள்ள வூட்லயும் இப்படித்தான் பேசுது டீச்சர். ஏன்டின்னு கேட்டா, ஸ்கூல்ல அப்படித்தான் பேசணுமாம்.” சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சா முள்ளு குத்தற மாதிரி வலி.

ரசம் மட்டும் சாப்பிட்டேன். வூட்டுக்காரர் ஜங்ஷன்ல டூட்டி முடிஞ்சு வந்து, “உனக்கு எதுக்கு இந்த வீம்பு?” வீம்பு ஒண்ணும் இல்லை. என்னன்னு எனக்கே தெரியலை.

9-6, வெள்ளி
எச்.எம். வகுப்பு வாசல்ல அஞ்சு நிமிஷம் நின்னார். “வகுப்புன்னா இப்படி இருக்கணும்!” எனக்குப் பெருமை பிடிபடலை, சனியன்.

பத்தே நிமிஷம். பக்கத்து ‘ஆ’ பிரிவையும் வரிசையா கூட்டிக்கிட்டு வந்தார். அதுக்கு இன்னும் டீச்சர் போடலையாம். “உங்ககிட்ட இருந்தாத்தான் அடங்குதுங்க.” இப்ப 115. மாட்டேன்னு சொல்லக் குரல் இல்லைன்னு எழுத ஆசைதான். குரல் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

12-6, திங்கள்
காறித் துப்பினா ரத்தம். மத்தியானமே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சகாயமேரி கூட வந்தா.

டாக்டரம்மாவுக்கு வந்துதே கோவம். “பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?” சத்தமா பேசலை, குசுகுசுன்னுதான் பேசினேன்னு சீட்டுல எழுதிக் காட்டினேன். தலையில கை வெச்சுக்கிட்டாங்க. “அய்யோ டீச்சர், அது கத்தறதைவிட மோசம்! இன்னைக்கே நிறுத்தினா வரும்னு நம்பலாம். இல்லேன்னா நான் பொறுப்பில்லை.”

வெளிய பெஞ்சுல உக்காந்தேன். குரல் போன டீச்சரை வெச்சுக்கிட்டு யார் என்ன செய்வாங்க? ஒரு புள்ளைக்கு உடம்பு சுட்டா, வூட்டுக்குப் போய்ப் படும்மான்னு அனுப்பறவ நான். அந்த ஒரு வார்த்தையை எனக்கு நானே சொல்லிக்கத் துப்பில்லை.

சகாயமேரி பையில இருந்து தாளை எடுத்தா. பத்து நாள் லீவு லெட்டர், அவளே எழுதி வெச்சிருக்கா. “கையெழுத்து மட்டும் போடுங்கக்கா. புள்ளைங்க எங்க ஓடிடப் போவுது?” இவளையா திட்டினேன். போட்டேன்.

13-6, செவ்வாய்
வூடு. நாலு துணி துவைச்சேன். பத்து மணிக்கு எங்கேயும் போகாம உக்காந்திருந்தா திருடின மாதிரி இருக்குது.

14-6, புதன்
மேகமூட்டம். தூத்தல் விழும்போலிருந்தது, விழலை.

பதினோரு மணிக்கு எச்.எம். வந்துட்டார். வேர்த்துக் கொட்டுது. 115ம் ரெண்டு நாள்ல ரகளை பண்ணிடுச்சாம். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வராராம். “ஒரு நாள், ஒரே ஒரு நாள் டீச்சர். பேசவே வேணாம். நீங்க வந்து நின்னா போதும்.”

எழுந்தேன். புடவையை எடுத்து வைக்கணும்னு கைகூடப் பரபரத்தது. அவர் பாக்கறார். வாயைத் திறந்தா ‘சரிங்க சார்’தான் வரும். திறக்கலை.

பையனோட பழைய சிலேட்டு கிடந்தது. எழுதினேன்: வர மாட்டேன்.

அவர் படிச்சார். மறுபடியும் படிச்சார். “உங்ககிட்ட இதை எதிர்பாக்கலைங்க”ன்னார். சிலேட்டை நாற்காலி மேல வெச்சுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டார்.

கொஞ்சம் அழுதேன். அப்புறம் சூடா கஞ்சி. பாயை விரிச்சுப் படுத்தேன், சும்மா அஞ்சு நிமிஷம்னு.

முழிச்சா மணி நாலரை. ஸ்கூலு விட்டிருப்பாங்க.