இரண்டு பேர் சொன்ன யாமினி

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். மழை மிரட்டிவிட்டு அரக்கோணம் பக்கம் போய்விட்டது. வாங்க: புளி, துணி சோப்பு, யாமினிக்குக் கணக்கு நோட்டு.

அவளுடைய டீச்சர் போன். வகுப்பில் பெஞ்சில் தலை வைத்துப் படுத்தே கிடக்கிறாளாம். பதினாலு வயசுக்கு இது சரியில்லை, ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை வரும் மனநல டாக்டரம்மாவிடம் காட்டுங்கள் என்றார். இவரிடம் சொன்னேன். நின்றிருந்த விசைத்தறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவளுக்கு இன்னா கேடு? தின்னுகினு தூங்கிகினு கீறா. போனப் புடுங்கி வையி, சரியா பூடும்."

ஜூலை 10, வியாழன்

பல் வலி என்று இவரிடம் பொய். போனோம்.

டாக்டரம்மா முதலில் என்னைத் தனியாகக் கேட்டார். கோபம், எதிர்ப்பேச்சு, எப்போதும் போன். கரண்ட் போனால் போதும், வீட்டில் சண்டை. எல்லாம் கொட்டினேன்.

"அழுவாளா?"

"அழவே மாட்டா மேடம். கல்லு."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

பிறகு அவள் உள்ளே. வெகுநேரம். பெஞ்சில் பக்கத்து அம்மா: "எம் பையனும் இப்டித்தாங்க. வாயத் தொறந்தா முத்து உதுந்துடும்."

அவள் சொல்லச் சம்மதித்ததை மட்டும் டாக்டரம்மா சொன்னார். தினமும் அழுகிறாளாம். தறி ஓடும்போது மட்டும், அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காதென்று. கரண்ட் போய் விளக்கு அணைந்ததும் வாயைப் பொத்திக்கொள்வாளாம். சரியாக அப்போதுதான் நான் "இன்னாடி பண்றே?" என்று போய் நிற்பேன். எரிந்து விழுவாள்.

கோபம், போன் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் பெண்ணைப் பற்றிப் பேசுகிறார் என்றிருந்தது.

"ரெண்டு பேரும் பொய் சொல்லலம்மா. அடுத்த வாரம் அப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

பஸ்ஸில் அவள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே: "நைனாவ இட்டுனு வராதம்மா. சிரிக்கும்."

ஜூலை 12, சனி

தலைவலி. மாவு புளித்துவிட்டது. நான் பி.காம். படித்து என்ன.

தறி ஓடினால் எனக்கு நிம்மதியாக இருக்கும். வேலை நடக்கிறது, சண்டை இல்லை. இன்று ஓட ஓட, அழுகிறாளோ என்றிருந்தது. இரண்டு தடவை அவள் அறை வாசலில் போய் நின்றேன். "இன்னாம்மா?" கையில் புத்தகம். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

நாளை ஆஸ்பத்திரி. இவரிடம் இன்றும் சொல்லாவிட்டால் முடியாது.

சாயங்காலம் தறிப் பக்கம் நின்று கத்திச் சொன்னேன். காதைக் காட்டிச் சிரித்தார். இன்னொரு தடவை கத்தினேன். "ராவுக்குச் சொல்லு!" ராவுக்குச் சொல்லி எத்தனை விஷயம் ஆகியிருக்கிறது. இரண்டு தறியின் மோட்டாரையும் அணைத்தேன்.

"ஏய், புத்தி கெட்டுப்போச்சா? நூலு அறுந்துடும்..."

பாதியில் நின்றுவிட்டார். உள்ளிருந்து அவள் அழும் சத்தம். விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் அவளுக்குச் சட்டென்று தெரியவில்லை. பிறகுதான் அடங்கியது.

இவர் கையில் நூல் மாற்ற எடுத்த தறிநாடா அப்படியே.

"எத்தினி நாளா?"

தெரியாது என்றேன்.