ஆமத்தூர்க்காரர் உப்பில்லாமல் நடக்கிறார்

அன்பு மகன் புகழேந்திக்கு, ஆனைக்குட்டத்திலிருந்து சித்தப்பா பெத்தணன் எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம், சித்தி சுகம், உன் அப்பா உப்பைக் குறைத்துச் சுகம், நான் எப்போதும்போல் எல்லோரையும்விடக் கூடுதல் சுகம். மஸ்கட்டில் உன் சுகத்துக்கு எழுது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இவ்வளவும் நடக்கும் என்று முன்னாடியே சொன்னவன் நான். அண்ணனுக்கு வாதம் வரும் என்றும் சொன்னேன், வந்தாலும் எழுந்து நடப்பார் என்றும் சொன்னேன், யாரும் காது கொடுக்கவில்லை. போன தீபாவளி சீசனில் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து அவர் ஒரு ஆளாக நாலு ஆள் தீனி தின்றபோதே, அண்ணே உங்க கழுத்து நரம்பு சரியில்லை என்றேன். பட்டாசுக் கம்பெனிக்குள்ளே பீடி பற்றவைக்க முடியாதா, பகலெல்லாம் அடக்கி வைத்திருந்து கேட்டைத் தாண்டியதும் கட்டுக் கட்டாக ஊதித் தள்ளுவார், அதற்கும் சொன்னேன். போர்மேன் என்கிற மிதப்பில், போலே ஒஞ் சோலியப் பாத்துக்கிட்டு என்றார். அப்புறம் நடந்தது உனக்கே தெரியும், வலது கையும் காலும் விழுந்து, வாய் கோணி, நம்ம லாரியில்தான் மதுரைக்குக் கொண்டுபோனேன், நான் ஓட்டின வேகத்துக்கு ரயிலே எனக்குப் பின்னால்தான் வந்தது. அங்கே பெரிய டாக்டர் என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டார், மற்றவர்களுக்குச் சொன்னால் விளங்காது என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டார். பிழைத்துவிட்டார், இனி எத்தனை வருஷம் இருப்பார் என்பது மாத்திரை கையில் பாதி, அவர் வாய் கையிலும் கால் கையிலும் பாதி, உப்பும் எண்ணெயும் குறையவேண்டும், பீடி அறவே கூடாது, தினம் நடக்கவேண்டும், இல்லையென்றால் இன்னொரு தடவை வரும், அதில் எழுந்திருப்பது கஷ்டம் என்றார். நான் கேட்ட கேள்விகளைப் பார்த்துவிட்டு நீங்க எந்தக் காலேஜ் என்றார், எட்டாங்கிளாஸ் என்றதும் மனுஷர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தார், பிறகு ஆரம்பித்தார் ஆட்டத்தை. கஞ்சியைத் தட்டோடு தள்ளிவிட்டு, ஏலே, இதக் குடிச்சு இருவது வருசம் கெடக்குறதுக்கு கருவாட்டோட ஒரு வருசம் போதும்லே என்பார். தலையணை உறைக்குள்ளே சாத்தூர்க் காராச்சேவு, கைலி மடிப்பில் பீடி. மதினி என்னிடம் வந்து, கொழுந்தனாரே, உங்க அண்ணன் பொழைச்சு வரலை, சாகுறதுக்கு நாள் பாத்துக்கிட்டு இருக்காக என்று அழுதார்கள். உன் அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் ஆமத்தூர் வெள்ளைத்துரை பேச்சை எடுத்தேன். வேறொரு கம்பெனியில் போர்மேன், அப்பா வயசு, அவருக்கும் அதே மாசம் அதே வலப்பக்கம் விழுந்தது. லோடு கொண்டுபோகையில் ஆமத்தூரில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன், மனுஷர் உப்பில்லாத கேப்பைக்கூழைக் குடித்துவிட்டுக் கம்பு ஊன்றிக் கண்மாய் வரை போய் வருகிறார் என்றேன். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, எந்தக் கம்பெனிலே என்றார். சொன்னேன். அவுக ராக்கெட்டு அடுத்த வீட்டுக் கூரைக்குல்லா போகும், அந்தப் பய நடக்கானா, எங்கலே என் கம்பு என்றார். அன்றைக்குப் பிடித்த நடை. வெள்ளைத்துரை கண்மாயைத் தாண்டிவிட்டார் என்றால் இவர் அணைக்கரையில் மதகு வரை போவார், வெள்ளைத்துரை பீடியை விட்டுவிட்டார் என்றேன், இவர் கட்டோடு தூக்கி வாய்க்காலில் எறிந்தார். கம்பெனியில் வெடிமருந்துக் கலவைக்கு நிறுத்துப் போட்ட கண் இப்போது அடுப்படியில் உன் அம்மா பக்கத்தில் நின்று, ஏளா சோலை, ரெண்டு கல்லு கூடுது, எடு என்று உப்பை நிறுக்கிறது. நான் சாயங்காலம் வண்டியைவிட்டு இறங்கும் முன்னே, அந்தப் பய இன்னைக்கு எம்புட்டு தூரம்லே என்றுதான் கேட்பார், நான் சாப்பிட்டேனா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன வாரம் மதுரைக்குக் கூட்டிப்போனேன். பிரஷர் பார்த்த டாக்டர் நம்பாமல் மறுபடியும் பார்த்தார், இப்படியே இருந்தால் பேரன் கல்யாணப் பந்தியில் நின்று பரிமாறலாம் என்றார். வெளியே வந்த அண்ணன் நேரே கடைக்குப் போய்க் கரை போட்ட துண்டு ஒன்று வாங்கினார், எனக்குத்தான் என்று தோளைக் காட்டினேன். ஒனக்கு எதுக்குலே, வெள்ளைத்துரைக்கு, அவன் நடக்கலைன்னா நான் அந்தக் கட்டில்லயே போயிருப்பேன், ஞாயித்துக்கெழமை ஆமத்தூருக்குக் கூட்டிட்டுப் போ, கையப் பிடிச்சு ஒரு வார்த்த சொல்லணும் என்றார், கண் கலங்கியிருந்தது.

இதைப் போனில் சொல்ல முடியாது, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் கடிதம். மகனே, மேலே எழுதியதில் அங்கங்கே கொஞ்சம் கூட்டியிருப்பேன், அதை விடு, ஆமத்தூரில் வெள்ளைத்துரை என்று ஒருவரே கிடையாது. நான் உண்டாக்கின ஆள். ஞாயிற்றுக்கிழமைக்கு, அவர் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லித் தப்பித்தேன். செத்துப்போனார் என்று சொல்லி முடித்துவிடுங்க என்கிறாள் உன் சித்தி. உப்பைக் குறைத்து நடந்தவனே போய்விட்டான் என்றால் அண்ணன் மறுநாளே காராச்சேவுக்குத் திரும்பிவிடுவார், அதனால் நான் சாகவிடமாட்டேன். பொங்கலுக்கு லீவு சொல்லி வா, மகன் பக்கத்தில் நடந்தால் அவருக்கு ஆமத்தூர்க்காரர் தேவைப்படாது. நீயும் ஊறுகாயைக் குறை, நம் எல்லோருக்கும் ஓடுவது ஒரே ரத்தம். குலசாமி உன்னைக் கண்போல் காக்கட்டும். போனில் அப்பா கேட்டால் மறக்காமல் சொல், வெள்ளைத்துரை மாமா திருப்பூரிலும் விடாமல் நடக்கிறாராம்.

ஆசிகளுடன்,
உன் சித்தப்பா,
பெத்தணன்