வந்து உட்காருகிறவள்

பதுளை பஸ் நிலையத்துக்கு அருகில் டிவிடி விற்கிறவர் நேற்று ஓர் உறையை எடுத்து என் முன்னால் நீட்டினார். "ஜப்பான் பேய்ப் படம் சேர். புதுசா வந்திருக்கு. ஆனா பேய் ஒன்னும் பண்ணாது, சும்மா உக்காந்துக்கிட்டே இருக்குமாம்" என்றார். பாதி குறையாகவும் பாதி விளம்பரமாகவும் இருந்தது அந்தப் பேச்சு. உறையில் அவள் இருந்தாள். முதுகில் கூடை, ஈரத் தலைமயிர், பாயில் மடித்த கால்கள். வண்ணம் பளிச்சென்று ஆகியிருக்கிறது. முகம் அதே முகம்தான். வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை. அதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

அவளை நமக்குக் காட்டியவர் ஜப்பான் மாத்தயா. அங்கே ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுத் திரும்பி, பசார் வீதியில் ரேடியோ பழுது பார்க்கும் கடை போட்டிருந்த சிங்களவர். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அவருடைய உண்மைப் பெயரைக் கேட்டதே இல்லை. கடையின் மேல்தட்டில், பழைய ஸ்பீக்கர்களுக்குப் பின்னால், அவள் வரும் ஜப்பான் நாவல் வரிசையை அடுக்கி வைத்திருந்தார். ஒரு நாவலுக்கு ஒரு வீடு. ஒவ்வொரு நாவலையும் கையால் வரைந்த படமாக எடுத்திருந்தார்கள். அந்த வீடியோ கேசட்டுகளும் அவரிடம் இருந்தன. எழுத்தில் எனக்குப் பாதிதான் புரியும், மீதியைப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று மறைக்காமல் சொல்வார். யாராவது கார்ட்டூன் என்றால் மட்டும் முகம் சுருங்கும்.

கதை இதுதான். பனி மூடிய மலைக் கிராமம். பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கும் பெண் ஒருத்தி. உடம்பு முடியாதவளை மலைக்கு அனுப்புகிறார்கள், அவள் திரும்பவில்லை. ஊர் அவளைத் தெரியாது என்கிறது. பிறகு அவள் ஒவ்வொரு வீடாக வருகிறாள். வந்து, பாயில் உட்காருகிறாள். கழுத்தை நெரிப்பதில்லை, கதவைத் தட்டுவதில்லை. வீட்டுக்காரன் ஊர் கேட்க, தான் செய்ததைச் சொன்னால் எழுந்து போவாள். சொல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பாள்.

மாத்தயா சிங்களத்தில் சொன்னதை நீ தமிழில் வாங்கிக்கொண்டாய். தேயிலைத் தொழிற்சாலையில் உனக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப்போய், பிள்ளை மடுவத்தில் வைப்பாய். வேலை நாட்களில் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் அந்தக் கூடம் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். படம் ஜப்பான் மொழியில் ஓடும். நீ டிவிக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்குமாகப் பேசுவாய், பாட்டிக்கும் குழந்தைக்கும் பேய்க்கும். உண்மையில் பேய்க்குத்தான் வசனமே இல்லை. முதல் படம் முடிந்ததும் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் ஏமாந்து போனார்கள். "என்னய்யா பேயி இது, விருந்தாளி மாதிரி வந்து உக்காந்துக்கிட்டு" என்று ஒருவர் கேட்க, மடுவமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. திரும்பும்போது என்னிடம், "அவ ஒன்னுமே செய்ய வேணாம் மச்சான். அவன் கண்ணுக்கு முன்னால இருந்தா போதும். அதுக்கு மேல என்ன பழி?" என்றாய். எனக்கும் அது பெரிதாகப் படவில்லை.

பிறகு உன் அக்கா இறந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஐப்பசி மழையில். காலையில் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொண்டிருந்தபோது, காய்ச்சலாக இருக்கிறது, லயத்துக்குத் திரும்பிப் போகட்டுமா என்று கேட்டாள். தோட்டத்து மருந்துக்காரரிடம் துண்டுச்சீட்டு வாங்கி வந்தாயா என்று கேட்டார். இல்லை என்றாள். "காய்ச்சலா? மேல் மலைக்குப் போனா வேர்த்து எறங்கிரும்" என்றார். களத்தில் நின்ற அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். மத்தியானத்துக்குப் பிறகு, தேயிலைச் செடி நிரைக்கு நடுவில், கூடை முதுகில் கிடக்க அவளைக் கண்டெடுத்தவள் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த மாரியாயி. விசாரணைக்கு ஆட்கள் பெரட்டுக்களத்துக்கு வந்தபோது கணக்கப்பிள்ளை சொன்னது ஒரே வாக்கியம்: அந்தப் பெண் அன்று பெரட்டுக்கே வரவில்லை, தானாக மலைக்குப் போயிருக்கிறாள். களத்தில் நின்றவர்களின் அடுத்த நாள் வேலை அவர் கையில் இருந்தது. யாரும் பேசவில்லை.

நான் நிருபராக இருந்த பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். கொழும்பில், தோட்ட நிர்வாகத்தின் பதிலும் வேண்டும் என்று எடுத்து வைத்தார்கள். பதில் வரவில்லை. செய்தியும் வரவில்லை.

நீ கத்தவில்லை, கத்தி எடுக்கவில்லை. கடைசிப் படத்தின் கேசட்டை மாத்தயாவிடம் வாங்கிப்போய்த் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். கிராமத்து மேற்பார்வையாளன் வீட்டுக்கு அவள் வருகிற படம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மடுவத்தில் இருந்தேன். தோட்டத்தில் எது நடந்தாலும் முதல் நாற்காலி கணக்கப்பிள்ளைக்கு. அது அங்கே எழுதாத சட்டம். அன்றும் போட்டார்கள், அவரும் வேட்டியும் கோட்டுமாக வந்து உட்கார்ந்தார். படம் ஓடியது. பனிமூட்டம், மலைச்சரிவு, முதுகில் கூடையோடு வரிசையாக ஏறும் பெண்கள். நம்முடைய மலையில்லை என்று சத்தியம் செய்ய யாராலும் முடிந்திருக்காது. நீ பட்டுப்புழுவைப் பற்றிப் பேசவே இல்லை. கொழுந்து என்றாய், பெரட்டு என்றாய். அந்தப் பெண் மேற்பார்வையாளன் முன்னால் தலைகுனிந்து ஏதோ கேட்கிறாள். அவன் வாயைத் திறக்கிறான். நீ குரலை உயர்த்தாமல், டிவியைப் பார்க்காமல், முதல் நாற்காலியைப் பார்த்துச் சொன்னாய்:

"காய்ச்சலா? மேல் மலைக்குப் போனா வேர்த்து எறங்கிரும்."

பிறகு பெண்கள் பக்கமிருந்து மாரியாயி, தனக்குத்தானே சொல்வதுபோல், "இது அவதான்" என்றாள். கணக்கப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படம் முடியும்வரை, திரையில் அவள் பாயில் உட்கார்ந்திருந்ததுபோலவே, அவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்தின் பின்பக்கம் வேர்த்திருந்ததை நான் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ முகங்களைப் பார்த்து எழுதிவிட்டேன். அந்தக் கழுத்தை இன்றுவரை மறக்கவில்லை.

மறுநாள் முதல் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பெண்கள் பதில் சொல்லும் முன் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்களாம், அக்கா வழக்கமாக நிற்கும் இடத்தை. வேறு எதுவும் செய்யவில்லை. அதை அவர் அந்த வாரம் முழுவதும் தாங்கினார். அடுத்த வாரம் உன்னைப் பிடித்துப் போனார்கள்.

தோட்டத்தில் ஒருவன் இயக்கத்தின் பயிற்சிக் கேசட் காட்டுகிறான் என்று தகவல். தகவல் கொடுத்தது யார் என்பதை ஊகத்தில் எழுதவில்லை. முடிவெட்டும் கடையில் கணக்கப்பிள்ளையே பெருமையாகச் சொன்னதைக் கேட்ட இருவரிடம் தனித்தனியாக விசாரித்தேன். இருவரும் ஒரே வார்த்தைகளைச் சொன்னார்கள். பொலிஸ் நிலையத்தில் கேசட்டைப் போட்டுப் பார்த்தார்கள். விளங்காத மொழி, மலை, வரிசையாக ஏறும் பெண்கள், ஒருத்தி கையில் அரிவாள். ஜப்பான் மாத்தயா கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார். இது பேய்க்கதை, புத்தகமாகவே இருக்கிறது என்று சிங்களத்தில் மன்றாடி, நாவலையும் மேசையில் வைத்தார். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டதை வாசலில் நின்ற நானும் கேட்டேன்: பேயென்றால் ஏன் யாரையும் கொல்லவில்லை? கொல்லாத பேய் எந்த ஊரில் இருக்கிறது? நாவலையும் வைத்துக்கொண்டார்கள், உன்னையும் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த சித்திரைக்குப் பிறகுதான் விட்டார்கள். நடக்கும்போது சுவரைப் பிடித்தாய். உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்டதற்கு, "அத விடு. படத்தக் கடைசி வரைக்கும் பாத்தானுங்களா, அதச் சொல்லு" என்றாய். தொழிற்சாலையில் உன் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தான். மூச்சு சரியாக வரவே இல்லை. சில வருடம் இழுத்தாய். புது நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலத்தில் ஆஸ்பத்திரியில் போய்விட்டாய். சவப்பெட்டிக்கு முன்னால் தப்பு மேளம் அடித்துக்கொண்டு போனபோது கணக்கப்பிள்ளை தன் வீட்டு வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அன்றுதான் நான் முடிவு செய்தேன்.

அவர் ஓய்வு பெற்று டவுனுக்குக் குடிவந்தார். கோயில் சபையில் தலைவரானார். மேடை, மாலை, ஒலிவாங்கி. நிருபருக்கு எந்தக் கூட்டத்துக்கும் அழைப்பிதழ் தேவையில்லை. முன்வரிசையில், அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். பேனாவை மூடி கழற்றாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான். கேள்வி கேட்கவில்லை, எழுதவில்லை. பரிசளிப்பு விழா, நூலகத் திறப்பு, திருவிழாக் கூட்டம், எதையும் விடவில்லை. ஒருமுறை நிருபர்களின் நாற்காலிகளைப் பக்கவாட்டில் போடச் சொன்னார். பக்கவாட்டில் உட்கார்ந்தேன், அன்று முழுவதும் அவர் கழுத்தைத் திருப்பியபடி பேசினார். ஒரு மேடையில் பொறுக்க முடியாமல், "பத்திரிகைக்காரருக்கு வேற சோலி இல்ல போலிருக்கு" என்று ஒலிவாங்கியிலேயே சொன்னார். சபை சிரித்தது. "இல்லங்க" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மகள் கலியாணத்துக்கும் போனேன். மொய் எழுதினேன், பந்தியில் உட்கார்ந்தேன், அவர் பரிமாற வந்தபோது இலையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். சாம்பார் இலைக்கு வெளியே கொட்டியது. அந்த இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. இதைச் சொல்லக் கூச்சமில்லை எனக்கு. உன்னைச் சுமந்துகொண்டு போன பிறகு என்னை நன்றாகத் தூங்க வைத்தவை அவர் தடுமாறிய நாட்கள்தான். வர வர அவர் பேச்சுகள் சுருங்கின. நடுவில் வாக்கியம் அறுந்து நிற்கும். தலைவருக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

போன மாதம் ஆள் அனுப்பி வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் மனைவி தேத்தண்ணி வைத்துவிட்டுப் போகும்வரை பேசவில்லை. பிறகு, "ஒங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"எனக்கு ஒன்னும் வேணாங்க."

"கண்ண மூடினா நீங்க உக்காந்திருக்கீங்க. முன்னாடி அந்தப் புள்ள இருந்தா. இப்ப நீங்க." தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அவ வந்தா. நான்தான் பேரு கூப்பிட்டேன். நான்தான் அனுப்பினேன். போதுமா?"

"அது எனக்குத் தெரியுங்க. பெரட்டுல கேட்டவங்களுக்கும் தெரியும். அவ வரலன்னு சொன்னது நீங்க மட்டுந்தான். சொன்ன எடத்துலயே மாத்திச் சொல்லுங்க."

"அவமானத்துல செத்துருவேன்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். நல்ல தேத்தண்ணி. நாளைக்குக் கோயில் கூட்டத்தில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் அவர் தோட்டத்துக்குப் போனார். பேரனின் முச்சக்கர வண்டியில். நான் முந்திய பஸ்ஸில் போய் நின்றேன். பனி விலகாத காலை. பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். இப்போதைய கணக்கப்பிள்ளை சின்ன வயது, விஷயம் விளங்காமல் வழி விட்டார். இவர் களத்தின் நடுவில் நின்று தொண்டையைச் செருமி, உன் அக்காவின் பெயரைச் சொன்னார். அன்றைக்கு அவள் வந்தாள், காய்ச்சல் என்றாள், நான் அனுப்பினேன், வரவில்லை என்று பொய் சொன்னேன் என்றார். கோயில் மேடையில் முழங்கிய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

பின்வரிசையில் மாரியாயி நின்றாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. "கேக்கலங்க" என்றாள்.

அவர் மறுபடி சொன்னார்.

"பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கலங்க" என்றாள், மிகுந்த மரியாதையோடு.

மூன்றாம் தடவை அவர் கத்தினார். மலையில் பட்டுத் திரும்பி வந்தது. மாரியாயி கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு தன் நிரைக்கு நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். பெயர் கூப்பிடுவதற்கு முன்பே களம் காலியானது.

அவர் என்னைப் பார்த்தார். உன் படத்தை அவரும் கடைசிவரை பார்த்தவர் அல்லவா. சொன்னால் எழுந்து போவாள் என்ற கணக்கு அவருக்கும் தெரியும். "சொல்லிட்டேன். இனி வரமாட்டீங்கல்ல?" என்றார்.

"அக்கா எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்றேன். "கேசட்டப் பத்திப் பொலிசுக்குச் சொன்னீங்களே, அது இன்னும் இருக்குங்க."

முச்சக்கர வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட்டார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயில் சபைக் கூட்டம். வரமாட்டார் என்கிறார்கள், வந்துதான் ஆகவேண்டும், கணக்கை ஒப்படைக்க வேண்டியவர் அவர். டிவிடியை அதற்குப் பிறகுதான் பிரிப்பேன். முன்வரிசையில், நடுவில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.