எட்டுப் பெட்டியும் என் இடது காதும்

ஓகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து சூடாக. கடைப் பலகை இரண்டு தரம் விழுந்தது. மு.ப. முழுக்க வயர் பிரித்தல். எலி கடித்தவை நாலு.

மருமகள் தர்சினியின் கச்சேரி சனிக்கிழமை, நாவற்குடாவில், வாவியோரத் தென்னந்தோட்டத்தில். அவள் எலக்ட்ரிக் வயலின். டவுனில் இருக்கும் போர்த்துக்கேய வழிப் பறங்கியர் றிச்சட் பேஸ் கிற்றார். மேடை கிடையாதாம். சனத்தை நடுவில் இருத்தி, எட்டு ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுற்றிவரக் கட்ட வேண்டுமாம். அவள் பெடலை மிதித்தால் வயலின் ஒலி ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிச் சனத்தைச் சுற்றி வரும்.

செங்கலடியில் முப்பது வருடமாகச் சவுண்ட் வாடகைக்கு விடுகிறேன். முதல் ஹோர்ன் ஒலிபெருக்கியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு அலைந்தவன். பெட்டிகளை மேடைக்கு இரு பக்கமும் மதில்போல அடுக்குவதுதான் தெரிந்த வித்தை. ஒலியைச் சுற்றவிடு என்று எந்தக் கல்யாண வீட்டுக்காரனும் கேட்டதில்லை.

சரி என்று சொல்லியாயிற்று.

ஓகஸ்ட் 6, புதன்

வெயில். கடை முற்றத்தில் ஒத்திகை. நாலு கதிரையில் நாலு பெட்டி. நடுவில் நான்.

தர்சினி வில்லைப் போட்டதும் றிச்சட் துள்ளினார். "ஆ! இப்ப என்ர முதுகுக்குப் பின்னால போகுது!" என் மனைவி பாக்கியம் முற்றத்தில் பாம்பு புகுந்தவள்போலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எனக்கு ஒன்றும் சுற்றவில்லை. எல்லாம் வலது பக்கத்திலேயே.

"மாமா, சுத்துதா?"

"சுத்துது புள்ள. நல்லாச் சுத்துது."

பொய். இடது காது போய் இரண்டு வருடம். ஹோர்னுக்குப் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த கூலி. பாக்கியத்துக்கும் தெரியாது. சவுண்ட்காரனுக்குக் காது கேளாது என்று வெளியில் போனால் யார் கூப்பிடுவான்? கண் தெரியாதவன் பஸ் ஓட்டுகிற கதை.

அதையும்விட ஒன்று. வீட்டுக்கு வந்த பிள்ளை நான் காணாத ஒரு வேலை செய்கிறாள். ஊரே கேட்கப்போகிறது. எனக்கு மட்டும் கிடையாது.

ஓகஸ்ட் 8, வெள்ளி

லொறியில் ஏற்ற: பெட்டி 8, வயர் 6 சுருள், கயிறு, ஏணி 2, டேப், பாய் 30, கணபதிக்கு வெற்றிலை (இல்லாவிட்டால் மரம் ஏறமாட்டான்).

கணபதி என்னோடு இருபது வருடம். பெட்டி கட்டுவதில் அவனை அடிக்க ஆளில்லை. ஏற்றும்போது இடது பக்கமாக நின்று என்னவோ கேட்டான். "ஓம் ஓம்" என்றேன். இரண்டு வருடமாகப் பாதி உலகத்துக்கு ஓம் சொல்லித்தான் காலம் போகிறது.

ஓகஸ்ட் 9, சனி

ஜெனரேற்றருக்குப் பெல்ற் தேடி டவுனில் அலைச்சல். பி.ப. 5க்குத்தான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நூறு பேர் மட்டில் பாயில். சுற்றிவர எட்டுத் தென்னை, எட்டுப் பெட்டி. எட்டும் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கோயில் திருவிழாவுக்கு அப்படித்தான் கட்டுவோம். ஹோர்ன் வாய் அடுத்த ஊரைப் பார்க்க வேண்டும். உள்ளே நிற்பவனுக்குத்தான் திருவிழா என்று தெரியுமே.

"டேய் கணபதி, என்னடா இது?"

"கோயிலுக்குக் கட்டுறாப்போலயா எண்டு நேத்துக் கேட்டன்தானே முதலாளி. நீங்கதானே ஓம் எண்டிங்க!"

அவன் நின்றது என் இடது பக்கம்.

றிச்சட்: "அண்ணன், வாவி மீனுக்கா கச்சேரி? இந்த வாவி மீன் சும்மாவே பாடும் எண்டுதானே ஊர்க் கதை!"

தர்சினிக்கு முகம் செத்துவிட்டது. ஒரு வருட உழைப்பு. எட்டையும் அவிழ்த்துத் திருப்பிக் கட்ட இரண்டு மணித்தியாலம். அதற்குள் சனம் பஸ்சுக்குப் போய்விடும்.

சரக்கை நகர்த்த முடியாவிட்டால் ஆளை நகர்த்து. மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் எழும்புங்க! பாயை விட்டு வெளியால வாங்க. இது இருந்து கேக்கிற கச்சேரி இல்ல. மரத்தைச் சுத்தி நடந்து கேக்கிறது!"

"முதலே சொல்லியிருந்தா செருப்பைக் கழட்டியிரிக்க மாட்டமே" என்று ஒருத்தி. ஒரே சிரிப்பு. எழும்பினார்கள்.

தர்சினியும் றிச்சட்டும் வட்டத்துக்கு நடுவில் தனியாக. வெளியே சனம் நடை. நானும் நடந்தேன்.

முதல் மரத்தடியில் வயலின் நெஞ்சுக்கு நேரே. மூன்று எட்டு வைக்க மெலிந்தது. அடுத்த மரத்தடியில் எனக்கு முன்பே போய் நின்றது. கொஞ்சம் விரைந்தால் பிடிக்கலாம். நின்றால் தாண்டிப் போய்விடும். பேஸ் எதிர்ப்புறமாக வந்து இடித்தது. ஒரு காதே போதும், கால் இருந்தால். எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை.

வாவியில் இரண்டு தோணிக்காரர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு இருந்தார்கள்.

பாக்கியம் கையைப் பிடித்தாள். "ஏழாந்தரம் சுத்துறிங்க. கோயிலெண்டா மூண்டோட விட்டுருவிங்க."

ஓகஸ்ட் 10, ஞாயிறு

காற்று விட்டது. கெண்டைக்காலில் நோ. தொலைபேசியில் நாலு பேர்: அந்த நடக்கிற கச்சேரி இனி எப்போ?

தர்சினி தேத்தண்ணியோடு வந்தாள். "மாமா, கணபதியண்ணனை ஏசாதீங்க. பாவம்."

அவன் தலையில் போட மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன். இடது காது, இரண்டு வருடம், ஒத்திகையில் சொன்ன பொய், எல்லாம்.

குசினிக்குள்ளிருந்து பாக்கியம்: "அப்ப, நான் கூப்பிட்டாலும் அசையாம இருந்தது இதாலயா? நான் கொழுப்பெண்டுதானே நினைச்சன்!"

தர்சினி எழும்பினாள். உள்ளே போய் வயலினையும், பற்றரியில் ஓடும் சின்னப் பெட்டியையும் எடுத்து வந்தாள். பெட்டியைத் தோளில் கொழுவினாள்.

"கண்ணை மூடுங்க மாமா. நான் எங்க நிக்கிறன் எண்டு விரலால காட்டுங்க."

முதல் தரம் கிணற்றைக் காட்டினேனாம். இரண்டாம் தரம் பாக்கியத்தை. "நானா வயலின்?" என்று அவள் விழுந்து விழுந்து சிரிப்பு.

மூன்றாம் தரம் கதிரையை விட்டு எழும்பினேன். கோழிபோலத் தலையை அங்கும் இங்கும் சாய்த்தேன். இரண்டு எட்டு வைத்தேன். மெலிந்தது. திரும்பினேன். தடித்தது. இன்னும் ஒரு எட்டு. கையை நீட்டினேன்.

விரல் வயலின் கம்பியில் பட்டது. பெட்டி கீச்சிட்டது.

"இன்னொருக்கா, புள்ள" என்றேன்.